ஊசிச் சீட்டில் நாலு தேதி

நாய் வளர்க்கிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர் சிரித்தார். "மயிலாப்பூர் பக்கம் போனதும் நாயும் வந்துடுச்சா? அடுத்து என்ன, கொலுவா?" நானும் சிரித்தேன். சேரியில் நாய் இல்லாத தெரு எது? நாங்கள் யாரும் அதை 'வளர்க்க'வில்லை, அதுபாட்டுக்கு இருந்தது. கஞ்சித் தண்ணி ஊத்துவோம், திண்ணையோரம் படுத்துக்கும், ராத்திரி அசலூர் ஆள் வந்தால் குரைக்கும். கயிறு, பட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் சேர்ந்தால்தான் வளர்ப்பு என்று பட்டணம் சொல்கிறது. அந்தக் கணக்கில் நான் நாய் வளர்க்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் நாய் ஒருவரைக் கடித்திருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது மந்தைவெளியில் நான் குடியிருக்கும் சந்தில் முட்டிக்கு மேல் தண்ணி. மூடிக் கிடந்த கடைப்படியில் ஒரு கறுப்புக் குட்டி, நாலைந்து மாசம் இருக்கும், நடுங்கிக்கொண்டு நின்றது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா "கரியன்னு கூப்பிடு, நல்லாருக்கும்" என்றார். என் தாத்தா பெயர் கரியான். ஆண்டைவீட்டு நாய்க்கும் அதே பெயர் இருந்ததாம், அம்மா சொல்வாள், இவரைக் கூப்பிட்டால் அது ஓடும், அதைக் கூப்பிட்டால் இவர் ஓடவேண்டும். சீனிவாசபுரத்துப் பையன் ஒருத்தன் "டைசன்" என்றான். அதுவே நின்றுவிட்டது.

தடுப்பூசிக்குக் கூட்டிப்போன இடத்தில் அட்டை கொடுத்தார்கள். பெயர், வயசு, நிறம். இனம் என்ற கட்டத்தில் இங்கிலீஷில் 'பறையா' என்று எழுதியிருந்தது. டாக்டரிடம் கேட்டேன். "அது சயின்டிபிக் பேரும்மா, எல்லா புக்லயும் அப்படித்தான் போட்டிருக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பறையடிக்கிற நம் சாதிப் பெயரைத்தான் வெள்ளைக்காரன் தெருநாய்க்கு வைத்தான். 1886-இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலேயே அது ஏறிவிட்டது. இன்றைக்கும் ஒரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்தால் பத்திரிகைக்காரன் அந்தச் சொல்லைத்தான் போடுகிறான். என் சாதிச் சான்றிதழை வாங்க அம்மா தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தாள்! நாய்க்கு ஒரே நிமிஷத்தில் கிடைத்தது. அடித்துவிட்டு 'நாட்டு நாய்' என்று எழுதச் சொன்னேன். எழுதினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

டைசனுக்கு ஒன்றரை வயசானபோது பிரச்சினை தெரிய ஆரம்பித்தது. குரைப்பு என்றால் சாதாரணக் குரைப்பு இல்லை. பின்னங்காலில் எழுந்து, கயிறு இறுகி, வாயில் நுரை தள்ளப் பாயும். எல்லாரையும் பார்த்து அல்ல. தோளில் மூட்டை, கையில் தடி, நீளத் துடைப்பம், யூனிபாரச் சட்டை. இஸ்திரித் துணி மூட்டையோடு வரும் அண்ணன், பழைய பேப்பர்க்காரர், விடியக்காலை தெருக்கூட்ட வரும் அக்கா. அரைக்கால் சட்டையும் ஷூவும் போட்டு நடைபயிற்சி போகிறவர்களைப் பார்த்தால் வாலை ஆட்டும். கீழ்வீட்டில் ரிட்டையர் ஆன அதிகாரி ஒருவர் இதை ரசித்தார். "பரவாயில்லையே, யாரப் பாத்துக் குரைக்கணும்னு அதுக்கே தெரியுதே" என்றார். எனக்கு உடம்பு கூசியது. நாய்க்கு எப்படித் தெரியும்? தெருவில் கிடந்த காலத்தில் யாரோ தடியால் அடித்திருக்கிறார்கள், சாக்கைக் காட்டி விரட்டியிருக்கிறார்கள். அது தடிக்கும் சாக்குக்கும் பயப்படுகிறது. இந்தத் தெருவில் விடியக்காலையில் தடியும் சாக்கும் யார் கையில் இருக்கிறது என்பதை நாயா தீர்மானித்தது? வேலையைப் பிரித்தது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது சாதி என்று 1936-இல் அம்பேத்கர் எழுதினார். டைசன் அந்தப் பிரிவினைக்குள் வந்து விழுந்த நாய். ஆனால் அது பாய்வது என் சனத்தின் மேல், கயிறு என் கையில். இந்த ஞாயமெல்லாம் அங்கே செல்லாது.

அடையாறிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தேன். ஒரு மாசச் சம்பளத்தில் பாதி. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி கொண்டுவந்தார். டைசன் குரைத்ததும் வெடுக்கென்று இழுத்தார். அது கத்தி, ஒன்றுக்குப் போய், தரையில் ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா, அடங்கிடுச்சு. நீங்கதான் தலைவர்னு அதுக்குத் தெரியணும் மேடம். நாய்க்கூட்டத்துல மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். அதோட எடத்த அதுக்குக் காட்டணும்." 'அடங்க மறு' என்று சுவரில் எழுதப் பெயிண்ட் டப்பா தூக்கியவள் நான். அதோட எடத்த அதுக்குக் காட்டணும்! இந்த வாக்கியத்தை வேறு எங்கெங்கே கேட்டிருக்கிறோம்? அவர் சொன்ன சித்தாந்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் அடித்துக்கொள்ளும், ஒன்று மேலேறும், மற்றது கீழே போகும். அதை இயற்கை என்று நம்பி, 1970-இல் டேவிட் மீச் தன் ஓநாய்ப் புத்தகத்தில் பரப்பினார். காட்டில் பல காலம் ஓநாய்களைப் பார்த்த பிறகு, 1999-இல் அதே மீச் சொன்னதை மாற்றிக்கொண்டார்: அங்கே இருப்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம், தலைவன் தொண்டன் சண்டையெல்லாம் கூண்டுக்குள்தான். கூண்டு போட்டவன் கூண்டைச் சொல்லாமல் ஓநாயின் குணம் என்று எழுதிவிட்டான். நமக்கு இந்தக் கதை புதுசா? பயிற்சியாளரை அதோடு நிறுத்திவிட்டேன். சங்கிலியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஆனால் அதற்குப் பதில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருந்ததுதான் என் தப்பு. 2024 மே மாசம் நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் சாலையிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயசுப் பெண் குழந்தையைக் கடித்துக் குதறியதைப் படித்திருந்தேன். பூங்காக் காவலாளியின் குழந்தை, அந்தப் பூங்காவுக்குள்ளேயே குடியிருந்த குடும்பம். யாருடைய நாய், யாருடைய குழந்தை என்று அன்றைக்குக் கோபமாகப் பேசிய நான், வாய்மூடி வாங்கி என் நாய்க்குப் போடவில்லை. நம்ம நாய் அப்படி இல்ல என்று நினைத்தேன். எல்லா ஆண்டையும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

2025 ஜூலை 16, விடியக்காலை. கேட்டைத் திறந்தேன், கயிறு கை நழுவியது. அக்கா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேல் கடி, ரத்தம். குழாயடியில் உட்காரவைத்து சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். என் கை நடுங்கியது, அவர் கை நடுங்கவில்லை. "நாய்க்கு ஊசி போட்டியா?" போட்டிருக்கேன்க்கா. "அப்ப எனக்கும் போட்டு உடு" என்றார். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. காயத்தைச் சுற்றி ஒரு மருந்து ஏற்றினார்கள், அதற்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு கையில் ஊசி. சீட்டில் நாலு தேதி எழுதிக் கொடுத்தார்கள்: அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஊசி இலவசம். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. தேனாம்பேட்டை மண்டலம் 2020-லிருந்தே தனியார் கையில். கூலியை நான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "இது கடன் இல்ல, என் காசு" என்றார். சரிதான்.

நாலு நாளும் கூடப் போனேன். முதல் நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில், "நீ எந்தூரு?" என்றார். மதுராந்தகம் பக்கம் என்றேன். ஊரிலா, காலனியிலா என்று கேட்டார். காலனி என்றேன். அப்புறம்தான் தங்கச்சி என்று கூப்பிட்டார். அவர் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பிறந்து வளர்ந்தவர். 2022 மே மாசம் உச்ச நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி மீதி வீடுகளை இடித்தார்களே, ஒருவர் தீக்குளித்துச் செத்தாரே, அந்த இடம். அக்கா அதற்கு முன்பே பெரும்பாக்கம் அனுப்பப்பட்டவர். விடியறதுக்கு முன்னால் ரெண்டு பஸ் மாறி, தான் பிறந்த ஏரியாவுக்கே கூட்ட வருகிறார். "எங்க வூட்லயும் ஒண்ணு இருந்துச்சு. லாரில சாமான் ஏத்தும்போது அத்த ஏத்தக்கூடாதுன்ட்டாங்க. வண்டி பின்னாடியே கொஞ்ச தூரம் ஓடியாந்துச்சு." அதோடு நிறுத்திவிட்டார். நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு போனில் சொன்னேன். அவளுக்கும் நாய்க்கடி உண்டு. 1986-இல், நான் பிறப்பதற்கு முன்னால், கூலி நெல்லுக்கு ஊர்த்தெருவுக்குப் போனபோது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தை 2004 வரை இந்த நாட்டில் ஏழைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் வீக்கத்தோடு களையெடுக்கப் போனவள் அவள். திட்டுவாள் என்று பார்த்தேன். "நாய்க்கு இன்னாடி தெரியும்? அவுத்து உட்டவன் மூஞ்சிதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

பழக்குவது எப்படி என்று பிறகு படித்துக் கற்றேன். சுருக்கம் இதுதான்: எதைக் கண்டு பயப்படுகிறதோ அதைத் தூரத்தில், குரைக்காத தூரத்தில் காட்டவேண்டும். காட்டிய நொடியில் கறி. மறைந்தால் கறி நின்றுவிடும். நாள் போகப் போக அடி அடியாகத் தூரத்தைக் குறைக்கவேண்டும். காது பின்னால் போனால், உதட்டை நக்கினால், உடம்பு விறைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். அடி கிடையாது. வெளியே போகும்போது வாய்மூடியும் நெஞ்சுப் பட்டையும் கட்டாயம், மூடி கறி போடுகிற அளவுக்கு அகலமான கூடை மாதிரி இருக்கவேண்டும். ராயப்பேட்டைப் பக்கம் மாட்டுக்கறி வாங்கி வேகவைத்து, வேர்க்கடலை அளவு துண்டு போட்டேன். மாடவீதியில் விடியக்காலை சுப்ரபாதம் கேட்கும் நேரம் என் மடியில் அந்தப் பொட்டலம். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன்.

துடைப்பத்தோடு தூரத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். ஏழாம் நாள் ஊசிக்குப் போனபோது அக்காவிடமே கேட்டேன், அக்கா கையால் கறி போட்டால் சீக்கிரம் பழகும் என்று. அவர் என்னைப் பார்த்தார். "நான் ஏன் போடணும்? கூட்டத்தான் எனக்குச் சம்பளம். உன் நாய நீ பாரு." கேட்டதும்தான் உறைத்தது. கடித்த நாய்க்கே கடிபட்டவளைப் பாடப்பொருளாக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஓசியில்.

அதனால் நானே தென்னங்குச்சித் துடைப்பத்தை மூங்கில் கழியில் கட்டி, பழைய காக்கிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு சந்தின் முனையில் நின்றேன். சீனிவாசபுரத்துப் பையன் கயிறும் கறியும் பிடித்துக்கொண்டான். நாற்பதடி. நான் கூட்ட, அவன் போட. முதல் நாள் டைசனுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை, விறைத்தது. அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பதினெட்டு வருஷம் கூட்டியவள். எம்.ஏ. தமிழ் முடித்த அன்றைக்கு, "இனிமே நம்ம வூட்ல யாரும் தெருவுல தொடப்பம் எடுக்கக்கூடாது" என்றாள். எடுத்துக்கொண்டு நின்றேன். மாடியிலிருந்து ஒரு அம்மா பார்த்து, "நீயே பெருக்குறியா? நான் அப்பவே நெனச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார். ரெண்டு வருஷமாக வாயில் வராத கேள்விக்கு ஒரு துடைப்பத்தில் பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. அடுத்த வாரம் அதிகாரி பேரன் மாடிப்படியில் என்னைக் கண்டதும் ஒதுங்கி நின்றான். அவனுக்கு ஏழு வயசு. அவன் எத்தனை அடி தூரத்தில் பழகினானோ.

இருபத்தெட்டாம் நாள் ஆகஸ்ட் 13. ரெண்டு நாள் முன்னால்தான் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. 22-ஆம் தேதி அதை மாற்றியது, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி, வெறிநாயும் மூர்க்க நாயும் தவிர. சென்னையில் அந்தப் பாடம் பழசு. மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற வழக்கத்துக்குப் பதிலாக, தொண்ணூறுகளின் நடுவிலேயே கருத்தடைத் திட்டம் தொடங்கியது. அந்த வாரம் சந்தில் எல்லாரும் என்னிடம் நாயைப் பற்றியே கேட்டார்கள். ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1-லிருந்து தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று. அதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த அக்கா, "எங்களுக்கு நடந்தது இப்ப அவங்களுக்கு. நாங்க அன்னிக்கு உக்காரல" என்றார். அன்றைக்கு உயர் நீதிமன்றம் நடைபாதையை விட்டு அப்புறப்படுத்தச் சொன்னது. ராத்திரி போலீஸ் வந்து பஸ்ஸில் ஏற்றியது.

இப்போது டைசனுக்குப் பதினைந்தடி வந்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்கவில்லை, மழை பெய்து குடை விரிந்தால் மறுபடி முப்பது. மூட்டைக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இஸ்திரி அண்ணன் சந்துமுனையிலேயே நின்று போன் பண்ணுகிறார், நான் இறங்கிப்போய்த் துணியை வாங்கிக்கொள்கிறேன். அக்கா எதிர்ப்புறம் கூட்டும்போது கழியால் மின்கம்பத்தில் ரெண்டு தட்டுத் தட்டுவார். "தங்கச்சி, புடிச்சுக்கோ!" நான் பிடித்துக்கொள்கிறேன், கறி போடுகிறேன். அவர் இந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டிக்கொண்டே போகிறார்.