பென்சில் அம்புக்குறி

மிளகு காயும் மணம் வந்தால் எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகம் வரும். மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலயில் எங்கள் வீட்டு முற்றம். உம்மா பாயில் மிளகைக் கிளறிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் இன்னும் பச்சை, நடுவில் கறுத்துச் சுருங்கிவிட்டது. திண்ணையில் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை விரித்தபடி ஓர் அக்கா. பேராதனையில் மூன்றாம் வருடம். எங்களுக்குச் சொந்தமில்லை. என் உயர்தரப் பெறுபேறு வந்ததைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தவர்.

பாடநெறி விருப்ப வரிசையைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். எது லேசாகக் கிடைக்கும் என்றார்களோ அது முதலில்.

"தம்பி, நீங்க ஆசைப்பட்டது எது?"

"விவசாயம்."

"அது ஏன் ஏழாவதா கிடக்கு?"

பயம் என்று சொல்ல வெட்கமாயிருந்தது. அக்கா விளக்கினார்: வரிசையை மேலிருந்து பார்த்து வருவார்கள், நம் இசட் புள்ளி எந்த வெட்டுப்புள்ளியை முதலில் எட்டுகிறதோ அதையே தருவார்கள். ஆசைப்பட்டதை மேலே எழுதிக் கிடைக்காமல் போனால் நட்டமில்லை. கீழே எழுதினால்தான் நட்டம். சொல்லிக்கொண்டே ஏழாவதிலிருந்து முதலாவதுக்குப் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டார்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரவின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. எங்களுக்கு அது பஸ் போகும் தூரம். பெரும்பாலான துறைகளில் 55 வீத இடம் மாவட்ட அடிப்படையில். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே போய் வந்தவர் ஒருவர்கூட எங்கள் தெருவில் இல்லை. பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

விவசாய பீடத்துக்குப் போன பிறகுதான் மிளகை ஆராய்கிற ஏற்றுமதி விவசாயத் திணைக்கள நிலையம் மாத்தளையிலேயே இருப்பது தெரிந்தது. உம்மாவிடம் சொன்னேன். "இங்கேயா?" என்று பாயை விட்டு எழுந்து நின்றார்.

இப்போது ஊர்ப் பிள்ளைகளின் பெறுபேறு வந்ததும் லீவு போட்டு ஊருக்குப் போகிறேன். போன முறை ஒரு பிள்ளை தொழில்நுட்பப் பிரிவில் எழுதியிருந்தாள். 2013இல் தொடங்கிய பிரிவு. எனக்குத் தெரிந்தது குறைவு. அதில் படித்த கூட்டாளியைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். பேசி முடித்துவிட்டு, "நானா, நாலாவதை மேல போடட்டா?" என்றாள்.

பென்சிலை அவளிடமே கொடுத்தேன்.

பட்டம் முடித்தவர்களே, விண்ணப்பம் கோரும் சில வாரங்கள்தான் இந்த உதவிக்குக் காலம். இம்முறை உங்கள் ஊரில் யார் யார் சித்தியடைந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கூப்பிட மாட்டார்கள், நீங்களாகப் போங்கள்.