மலையேறிய துண்டறிக்கை

மகன் டாக்டர் என்றால் ஊருக்கு ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். எஞ்சினியர் என்றாலும் அப்படியே. துபாயில் இருக்கிறான், சவூதியில் இருக்கிறான் என்றால் வேலையின் பெயரைக் கூட யாரும் கேட்பதில்லை. ஆனால், “என் மகள் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பு அலுவலர்” என்று ஒரு தந்தை சொல்லும்போது கேட்பவர் புருவம் உயர்கின்றது. பாடம் நடத்துகிறாளா? இல்லை. ஆராய்ச்சி செய்கிறாளா? அதுவும் இல்லை. அப்படியானால் டெலிபோன் எடுக்கிற வேலையா?

இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் மஹல்லாவில் ஒருவர் மெய்யாகவே கேட்டுவிட்டார். கேட்கப்பட்டவர், என் மக்தபில் ஓதிய மாணவி ஒருத்தியின் அத்தா. இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு பள்ளிவாசல் ஹவுளருகே என்னை நிறுத்தினார்.

“ஹஜ்ரத், பிள்ளை வேளாண்மை படித்தாள், சந்தோஷம். படித்ததற்குத் தோட்டக்கலை அதிகாரியாகப் போகலாம், பேங்க்கிலே போகலாம். இவள் துண்டறிக்கை எழுதுகிற வேலைக்கல்லவா போயிருக்கிறாள்? ஆறு மாதம் முடிந்தது. இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்து ஆர்டர் வந்திருக்கிறது. நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது? வேண்டாமென்று எழுதிக் கொடுக்கச் சொல்லலாமா என்று பார்க்கிறேன்.”

மகளோ அந்த வேலையை விட மாட்டேன் என்று உறுதியாக இருந்தாள். இருவருக்கும் இடையே இரண்டு வாரமாகப் பேச்சு குறைந்திருந்தது. அது அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்த செய்தி.

அவருக்கு நான் முதலில் சொன்னது தஞ்சாவூர்க் கதை. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வெளிவந்தது. குறுவைக்கு ஏற்ற நெல். ஆராய்ச்சியாளர்கள் அதை உருவாக்கினார்கள். ஆனால் காவிரிப் படுகையின் மூலைமுடுக்கெல்லாம் அதைக் கொண்டு சேர்த்தது திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு. விதைப்பது எப்போது, உரமிடுவது எப்போது என்று மாலைதோறும் வானொலி சொல்லச் சொல்ல, விவசாயிகள் கேட்டு நட்டார்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ரேடியோ நெல்’! விளைவித்த விஞ்ஞானியின் பெயரையோ நிலையத்தின் பெயரையோ சூட்டாமல், செய்தி வந்த வழியின் பெயரையே பயிருக்குச் சூட்டிவிட்டார்கள். துண்டறிக்கை எழுதுகிற வேலை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, பாய், என்றேன்.

இந்த வேலைக்கு உலகத்தில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1914-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஸ்மித்-லீவர் சட்டம் இயற்றப்பட்டு, பல்கலைக்கழகங்கள் தம் ஆராய்ச்சியை உழவர் வீடு வரை கொண்டு செல்லும் கடமையை ஏற்றன. நம் நாட்டில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ஆம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திடம் தரப்பட்டது. நம் நாமக்கல் மாவட்டத்துக்கான நிலையம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வகுப்பறையோடு பல்கலைக்கழகத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இவையெல்லாம் சான்று.

நம் முன்னோர்களையே எடுத்துக்கொள்வோமே. தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத் தமிழ் என்ற ஒன்றை வளர்த்தார்கள். ஏன்? குர்ஆன் ஓதக் கற்றிருந்த பெண்கள் வீட்டிலிருந்தபடியே மார்க்கச் சட்டங்களைத் தம் தாய்மொழியில் படித்தறிய வேண்டும் என்பதற்காக. படிப்பவருக்கு எந்த எழுத்துத் தெரியும் என்று பார்த்து எழுதிய அந்த ஆலிம்களுக்கு இன்றைய அலுவலகங்களில் என்ன பதவிப் பெயர் கொடுப்பார்களோ!

அவர் சிரித்தார். ஆனால் முடிவு சொல்லவில்லை. “அடுத்த வாரம் கொல்லிமலைக்குப் போகிறாளாம். நானும் கூடப் போகிறேன். நீங்களும் வாருங்கள் ஹஜ்ரத். கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவன் என்ற முறையில் கொல்லிமலை எனக்கு வல்வில் ஓரியின் மலை, கொல்லிப்பாவையின் மலை. காரவள்ளியிலிருந்து தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த இலக்கியம் பாதி கரைந்துவிடும் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்பதாவது வளைவுக்குள் மாணவியின் அத்தா இரண்டு எலுமிச்சம்பழங்களை முகர்ந்து தீர்த்துவிட்டார்.

செம்மேட்டைத் தாண்டி, மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிறியதோர் ஊர். ஒரு வீட்டு வாசலில் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். மாணவி கொண்டு சென்ற துண்டறிக்கை, அவள் வேலையில் சேருமுன்பே அச்சானது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தலைப்பு: ‘சிறுதானியப் பயிர்களில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை’. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி உரக்க வாசித்தாள். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து, இத்தனை கிலோ மணிச்சத்து என்று வந்ததும் ஒரு பெண், “மணிச்சத்துன்னா சாமை மணிக்குள்ள இருக்கிற சத்தா கண்ணு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது பாஸ்பரஸ் என்று மாணவி விளக்கினாள். இன்னொருவர், “எக்டேரு கணக்கெல்லாம் வேண்டாம். எத்தனை படி வெதைக்கு எத்தனை கூடை எருன்னு சொல்லு” என்றார்.

அப்போது ஒரு மூதாட்டி பேசினார். அவரை என்னால் மறக்க முடியவில்லை.

“சாமை நல்லதுன்னு எங்களுக்கா சொல்றீங்க சாமி? நான் சாமைச் சோத்துல வளர்ந்தவ. நல்லதுன்னு தெரியாமலா விட்டோம்? இதைக் குத்தி அரிசியாக்குறது யாரு? இந்தக் கையைப் பாரு.”

நீட்டிய கையில் உலக்கைத் தழும்பு, வயது முதிர்ந்தும் மறையாமல் இருந்தது.

சாமை மிகச் சிறிய தானியம். அதன் மேலோடு கடினமானது. உரலில் இட்டு மாற்றி மாற்றிக் குத்திப் புடைத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில் விழுந்தது. இதற்கிடையே சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. கிழங்கைப் பிடுங்கினால் லாரி வருகிறது, கையில் காசு வருகிறது. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் கடையில் அரிசியும் விலையின்றிக் கிடைக்கின்றது. பகலெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வரும் ஒரு பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? வாசக சகோதரிகள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்.

2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தானியங்களுக்கு ‘ஊட்டச்சத்துத் தானியங்கள்’ என்று பெயர் சூட்டியது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரங்களில் சாமைப் பொங்கல் ஓட்டல் பட்டியலில் ஏறிவிட்டது. அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் சாமையை விளைவிப்பவளிடமே சாமையின் பெருமையை எடுத்துரைக்கும் பேச்சு வழிதவறிப் போன பேச்சு என்பதே என் கருத்து.

இதே மலையில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 1990-களிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றியது. அது பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் பல்கலைக்கழகங்கள் கற்க வேண்டிய பாடம் அங்கே இருக்கின்றது. கிராமங்களில் விதை வங்கிகள், மகளிர் குழுக்கள், சிறுதானிய மாவு விற்பனை என்பவற்றோடு, உமி நீக்கவும் அரைக்கவும் இயந்திரங்களையும் கொண்டு வந்தார்கள். பெண்களின் தோள்வலியைக் கேட்டறிந்தவர்களுக்குத்தான் இயந்திரம் வாங்கத் தோன்றும். நாங்கள் சென்ற ஊரில் அத்தகைய இயந்திரம் இல்லை. இருக்கும் இடத்துக்கு மூட்டையைச் சுமந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டுமாம்.

மாணவி துண்டறிக்கைக் கட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூதாட்டியின் அருகே தரையில் அமர்ந்தாள். இனி இரண்டு மணி நேரம் அவள் பேசவில்லை, கேட்டாள், எழுதினாள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, கேழ்வரகில் சுண்டங்கி, தினையில் மூக்காந்தினை. எது சரிவில் நிற்கும், எது மழை தாமதித்தாலும் ஏமாற்றாது, எதன் சோறு பிள்ளை பெற்றவளுக்கு ஆகும் என்றெல்லாம் பெண்கள் போட்டியிட்டுச் சொன்னார்கள். ஒரு பெயர் தவறி எழுதப்பட்டால் திருத்தினார்கள். சில ரகங்களின் விதை இப்போது ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கின்றது என்று சொன்னபோது குரல்கள் தாழ்ந்தன.

அவளுடைய அத்தா திண்ணையோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தார். மூதாட்டி கொடுத்த கேழ்வரகுக் களியை உண்டார். திரும்பும் வழியில், நெடுநேரம் மௌனமாக வந்தவர், மகளிடம் கேட்டார்:

“அந்த அம்மா சொன்னதையெல்லாம் யாரிடம் கொடுப்பாய்?”

“எஞ்சினியரிங் பிரிவுக்கு அத்தா. ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடுகிற, இரண்டு பேர் தூக்கிச் செல்லக்கூடிய இயந்திரம் செய்ய முடியுமா என்று கேட்டு எழுதுவேன். விதைப் பட்டியல் ஆராய்ச்சியாளர்களுக்கு.”

“அவர்கள் படிப்பார்களா?”

“படிக்கும்வரை எழுதுவேன்.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நீட்டிப்பு ஆணைக்குச் சம்மதக் கடிதம் போயிற்று. இப்போது யாராவது என்ன வேலை என்று விசாரித்தால், “மலைக்கும் காலேஜுக்கும் நடுவில் சேதி கொண்டு போகிற வேலை” என்கிறார்.

படி, கூடைக் கணக்கில் எழுதிய புதிய துண்டறிக்கை நான்கு மாதத்தில் அச்சாகிவிட்டது. ஒரே பக்கம், எழுத்து பெரியது, மணிச்சத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் இருக்கின்றது. எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தாள். இயந்திரத்தைப் பற்றிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சென்ற வாரம் மூன்றாவது நினைவூட்டு எழுதியிருப்பதாகவும், அதனோடு மூதாட்டியின் உள்ளங்கைப் படம் ஒன்றை இணைத்திருப்பதாகவும் சொன்னாள்.