பால்கனிக்குப் பால்கனி சிவப்பு

அக்டோபர் 28 மதியம் ஒரு மணிக்கு அங்காராவில் அரசு அலுவலகங்களைப் பூட்டிவிட்டார்கள். குடியரசு தினம் மறுநாள்தான். ஆனால் துருக்கிச் சட்டப்படி விடுமுறை அரை நாள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. நான் தங்கியிருந்த தெருவில் பால்கனிக்குப் பால்கனி சிவப்பு. எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளால் கொடியை மாட்டிக்கொண்டிருந்தார். பிறை சாய்ந்திருக்கிறது என்று கீழே நின்ற பேரன் கையை ஆட்டி ஆட்டிக் கத்த, சலிக்காமல் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

உலுஸ் பகுதியிலுள்ள முதல் நாடாளுமன்றத்தை அதற்கு முன்பே பார்த்திருந்தேன். இப்போது அது அருங்காட்சியகம். உறுப்பினர்கள் உட்கார்ந்தவை பள்ளிக்கூட பெஞ்சுகள்! பெரியவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். குடியரசு பிறந்த 1923க்கு முந்தைய ஆண்டே சுல்தான் ஆட்சி ஒழிந்திருந்தது. நாட்டுக்கு என்ன ஆட்சிமுறை என்பது மட்டும் முடிவாகாமல் கிடந்தது. 1923 அக்டோபர் 28 இரவு விருந்தில், நாளைக்குக் குடியரசை அறிவிக்கப்போகிறோம் என்று முஸ்தபா கெமால் சகாக்களிடம் சொன்னார். பிறகு அவர்களில் ஒருவரான இஸ்மத் பாஷாவோடு உட்கார்ந்து சட்டத்திருத்தத்தை எழுதினார். மறுநாள் இரவு அந்த பெஞ்சுகளிலிருந்து 158 வாக்குகள் விழுந்தன. கெமால் முதல் குடியரசுத் தலைவரானார்.

29ஆம் தேதி காலை அவருடைய நினைவிடமான அனித்கபிரில் அரசு விழா. குடியரசுத் தலைவர் மலர்வளையம் வைத்து, நினைவேட்டில் எழுதிவிட்டுப் போனதும் பொதுமக்கள் உள்ளே பெருகினார்கள். 262 மீட்டர் நீளப் பாதை. இருபுறமும் 24 கல் சிங்கங்கள். தளக்கற்களுக்கு இடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். கால் இடறாமலிருக்கக் குனிந்து பார்த்து நடக்க வேண்டும். தலை தானாகப் பணியும். குழந்தைகளிடம் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை. சிங்கங்களின் முதுகில் ஏறப் பார்த்தார்கள். அப்பாக்களும் தடுத்த மாதிரித் தெரியவில்லை. மேலே மண்டபத்தில் 40 டன் எடையுள்ள ஒற்றைக் கல் பேழை. உடல் அதற்கு நேர் கீழே, மண்ணில்.

இந்த நாளை யார் கொண்டாடுவது என்பதிலும் துருக்கியில் சண்டை உண்டு. மதச்சார்பின்மையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது தங்கள் பண்டிகை. அரசாங்கத்திடம் முழுதாக ஒப்படைக்க மாட்டார்கள். 2012இல் உலுஸிலிருந்து மக்கள் அமைப்புகள் நடத்தவிருந்த பேரணிக்கு அங்காரா நிர்வாகம் தடை போட்டது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியும் கூட்டம் அனித்கபிர் போய்ச் சேர்ந்தது.

எனக்குக் காலை விழாவைவிட இரவு விளக்கு ஊர்வலம்தான் பிடித்தது. ஒருகாலத்தில் தீப்பந்தம், இப்போது பெரும்பாலும் செல்போன் வெளிச்சம். குடியரசின் 10ஆம் ஆண்டுக்காக 1933இல் எழுதிய அணிநடைப் பாடலை யாரோ தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தாத்தாக்களும் ஒரு வரி தடுமாறாமல் பாடினார்கள். வார்த்தை தெரியாத நான் கைதட்டினேன். பக்கத்திலிருந்த பெண்மணி என் தாளம் பொறுக்காமல், கையில் ஒரு காகிதக் கொடியைத் திணித்து, இதை ஆட்டினால் போதும் என்று சைகை காட்டினார்.