வில்லங்கச் சான்றில் தண்ணீர் தெரியாது

கணவருக்கு வேலை கிண்டியில், மனைவிக்கு எழும்பூரில். காலை ஏழு மணிக்குக் கூடுவாஞ்சேரியில் பீச் ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆறு வருடமாக வாடகை வீடு. ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் டபுள் பெட்ரூம் தனி வீடு ஒன்று விலைக்கு வந்ததும் இருவருக்கும் தூக்கமே இல்லை.

பட்டா சரி. 30 வருட வில்லங்கச் சான்றிலும் பிரச்னை இல்லை. வங்கியும் கடன் தரத் தயார். அட்வான்ஸ் கொடுப்பதுதான் பாக்கி.

வீடு பார்க்க உடன் வந்த மாமியார், உள்ளே போகாமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டார்: “மழைக்குத் தண்ணி நிக்குமாம்மா?”

அந்த அம்மா கேட் தூணைக் காட்டினார். இடுப்பு உயரத்தில் மங்கலாக ஒரு கோடு. “2015 டிசம்பர்ல இதுவரைக்கும் வந்துச்சு. அப்புறம்தான் கரன்ட் மீட்டரை மேல ஏத்துனோம்.”

“அந்த ஒரு வருஷம்தான் சார்” என்றார் புரோக்கர்.

அன்று இரவு வீட்டில் சண்டை. “இந்த விலைக்கு இனிமே கிடைக்காது” என்றார் கணவர். “இருபது வருஷம் இ.எம்.ஐ கட்டணும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் பயந்துக்கிட்டே கட்டணுமா?” என்றார் மனைவி. கணவரிடம் பதில் இல்லை.

கடைசியில் வாங்கியது மேட்டுப்பகுதியில் சிங்கிள் பெட்ரூம் வீடு. ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ. காலையில் இருபது நிமிடம் முன்பே கிளம்ப வேண்டும். அந்தப் பெரிய வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கணவர் இன்னும் திரும்பிப் பார்க்கிறார். ஆனால், அடைமழை இரவுகளில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அடமானம், விற்பனை எல்லாம் வில்லங்கச் சான்றில் தெரியும். தண்ணீர் வந்த கதை பக்கத்து வீட்டாருக்குத்தான் தெரியும். வீடு பார்க்கப் போனால், முதலில் அவர்கள் கதவைத் தட்டுங்கள்!