வேட்டு வெடிக்காத ஊர்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சிராங்கூன் சாலையில் தீபாவளித் தோரண விளக்குகள் கட்டியாயிற்று. முறுக்குக் கடையிலும் புடவைக் கடையிலும் நிற்க இடமில்லை. வேட்டுச் சத்தம் மட்டும் வராது. 1972-லேயே சட்டம் போட்டு இங்கே பட்டாசை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்போடு சரி.

சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலே வேட்டுப் போடுவதை விட்ட ஊர் ஒன்று நம் செம்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அரைநாளில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம், கொள்ளுக்குடிப்பட்டி. நம்ம கண்மாயில் நிற்கிற கருவேல மரங்களை ஏலம் விடப்போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து அந்த ஊர் நினைப்புத்தான்.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று பலகை இருக்கும். 1977-இல் அறிவித்தார்கள். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்களையும் சேர்த்தால் 38 ஹெக்டேர் சொச்சம்; நூறு ஏக்கர்கூட இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் வந்து மரங்களில் கூடு வைக்கும். மாசி, பங்குனி வாக்கில் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். இதில் சிக்கல் என்னவென்றால், அவை வந்து இறங்குகிற நேரமும் தீபாவளியும் ஒன்று. அடைகாக்கிற பறவை ஒரு வேட்டுச் சத்தத்துக்கு எழுந்து பறந்தால் போதும், முட்டையைக் காக்கை கொண்டுபோய்விடும். அதனால் தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழா, கல்யாணம் எதற்கும் கிடையாது. தீபாவளிக்கு வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து மரியாதை செய்கிறது. பட்டாசுக்கு அழுகிற பிள்ளையை வருஷா வருஷம் சமாதானம் பண்ணுகிற தாய்மாருக்கு ஒரு இனிப்புப் பொட்டலம் போதுமா என்று எனக்குத் தோன்றும். அவர்களாக இதுவரை எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

வேடந்தாங்கல் கதையும் இப்படித்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய், பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-இல் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கினார்கள். வெறும் பாசம் என்று நினைக்காதே. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரியும். நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கினால் நத்தையைப் பொறுக்கித் தின்கிறது. அதற்கும் நாம் கூலி கொடுப்பதில்லை.

இங்கே சுங்கை பூலோ என்று ஒரு சதுப்புநிலம் இருக்கிறது. பழைய இறால் பண்ணைகள் கிடந்த இடம். 1986-இல் பறவை பார்க்கப் போன இயற்கைச் சங்கத்துக்காரர்கள் அதன் அருமையைக் கண்டு அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள். 1989-இல் நிலத்தை ஒதுக்கி, 1993-இல் பூங்காவாகத் திறந்து, 2002-இல் இயற்கை வனக் காப்பிடம் ஆக்கினார்கள். சைபீரியப் பக்கமிருந்து வரும் உள்ளான்கள் சேற்றில் மேய்வதை மரப்பலகைப் பாதையில் நின்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவதுண்டு. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆயக்கட்டு இல்லை, மீன்பாசிக் குத்தகை இல்லை, ஆடு மாடு தண்ணீருக்கு இறங்குவதில்லை. வேலி போட்டால் வேலை முடிந்தது. நம்ம கண்மாய்க்கு அந்த வசதி கிடையாது. ஊரே புழங்குகிற இடத்தில் பறவைக்கும் பங்கு ஒதுக்குவதுதான் கஷ்டமான காரியம். கொள்ளுக்குடிப்பட்டியை நான் ஒருபடி மேலே வைப்பது அதனால்தான்.

இனி உன் விஷயம். ஏலத்தை நிறுத்து என்று ஒற்றைக்காலில் நிற்காதே. மரத்தில் ஊருக்கும் வருமானம் உண்டு. நாட்டுக் கருவேலத்தையும் சீமைக் கருவேலத்தையும் பிரித்துப் பேசு. கரையிலும் வரத்துக் கால்வாயிலும் அடைத்துக் கிடக்கிற சீமையை வெட்டட்டும். தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக் கருவேலத்தை விடச் சொல். பூனை, கீரி, கவட்டை வைத்திருக்கிற பையன் யாரும் எளிதில் நெருங்க முடியாது என்றுதான் பறவை அதைத் தேடி வருகிறது. வெட்டியே ஆகவேண்டும் என்றால் கூடு காலியாகும் சித்திரைக்கு மேல் வைத்துக்கொள்ளட்டும், அதுவும் ஒரே வருஷத்தில் மொத்தமாக அல்ல. நாரை, கொக்கு எல்லாம் 1972 வனவுயிர்ச் சட்டத்துக்குள் வருகிறவை என்பதையும் ஞாபகப்படுத்து; மிரட்டலாக இல்லாமல் பேச்சோடு பேச்சாக.

ஆத்தூர் காமராஜர் அணைப் பக்கமிருந்து சாயங்காலம் வரிசை கட்டி வருகிற கொக்குகளை எண்ணி எழுதி வை. தை மாதம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதில் சேர்த்துவிடு. கையில் நோட்டோடு போனால் அதிகாரிகள் கொஞ்சம் காது கொடுப்பார்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராமசபையில், நாட்டுக் கருவேலத்தை விடுவதையும் கண்மாய்ப் பக்கம் வேட்டுப் போடாமல் இருப்பதையும் தீர்மானமாக எழுதி வாங்கு. மீன் குத்தகைக்காரரை முதல் ஆளாகக் கூப்பிட்டு உட்கார வை. மீனைத் தின்கிறது என்று நீர்க்காகத்தை விரட்ட வேட்டுப் போடுகிறவர் அவர்தான். அவரை விட்டுவிட்டுத் தீர்மானம் போட்டால் மறுவாரமே சத்தம் கேட்கும். குத்தகைத் தொகையில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பஞ்சாயத்தில் பேசிப் பார். முடியாது என்றால் எனக்குப் போன் போடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா
சிங்கப்பூர்