கையால் இழைத்த பரிசு

நான் ஆசிரியப் பணியேற்ற முதலாண்டின் இறுதியில் மாணவர் பலர் கடையில் வாங்கிய பேனாக்களைப் பரிசளித்தனர். ஒருவன் மட்டும் தானே சார்வோலையில் இழைத்த சிறு பெட்டியொன்றை நீட்டினான். அதன் விளிம்பு சற்றே கோணியிருந்தது. பேனாக்களை மேசைமேல் அடுக்கிய நான், பெட்டியை அலுமாரிக்குள் இட்டேன். அவன் முகம் வாடியது.

பனங்குருத்தை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, இழை பிசகாது பின்னுதல் எளிதன்று. பேனாவின் விலை சில ரூபாய். பெட்டியின் விலையோ அவன் விளையாட மறந்த மாலைப்பொழுதுகள். இதனை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

பேனாக்கள் போன இடந் தெரியவில்லை. அப்பெட்டியிலேதான் இன்றும் என் வெண்கட்டிகளை வைத்திருக்கின்றேன். இன்று பழைய மாணவனாகிவிட்ட அவன் இம்மலரைப் படித்தல் கூடும். தம்பி, அன்று கூறத் தவறிய நன்றியை இன்று கூறுகின்றேன், ஏற்றுக்கொள்வாயாக.