பழுது எங்கே இருந்தது?

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் நிற்கிறது. என் தந்தையார் 1980களில் வாங்கியது. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபின், காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பிக்கப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த இரவில், அரிசி மூட்டையையும் ஏழு வயதுச் சிறுவனான என்னையும் சுமந்தபடி, எஞ்சின் இயங்காமல், தந்தையாரின் தோள்வலியால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் அதுவே. அதனை விற்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு அதன் முன் சொக் அப்சோபரில் ஒயில் ஒழுகத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி குதிரைபோல் துள்ளியது. இருமுறை புதிய சீல் போடுவித்தேன். இருமுறையும் இரண்டு வாரத்தில் ஒழுகியது. சீலைச் செய்தவனை மனத்துள் ஏசிக்கொண்டேன்.

அதே மாதத்தில் எங்கள் பாடசாலையில் ஒரு பட்டியல் தயாரானது. சாதாரண தரப் பரீட்சையில் 'பெறுபேற்றைக் குறைக்கக்கூடிய' மாணவரின் பட்டியல். அவர்களின் பெற்றோரை அழைத்து, 'வேறு வழி பார்க்கலாமே' என்று நயமாகச் சொல்வது வழக்கம். வகுப்பாசிரியன் என்ற முறையில் ஒரு பெயரை நானே எழுதினேன். எதிரே, 'கவனமின்மை, வகுப்பில் உறக்கம்' என்றும் குறித்தேன். எழுதிய கை நடுங்கவில்லை என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் முறை வண்டியை வேறொரு கராஜுக்கு உருட்டிச் சென்றேன். அங்கே ஒயில் படிந்த கைகளோடு எழுந்து நின்றவன், பட்டியலில் நான் எழுதிய அதே மாணவன்! அது அவனது தாய்மாமனின் கராஜ். தந்தை முதுகு முறிந்து படுக்கையில்; பாடசாலை விட்டதும் இரவு பத்து மணிவரை இவனுக்கு இங்கேதான் வேலை.

"விட்டிட்டுப் போங்கோ சேர், நான் பாக்கிறன்" என்றான். நான் போகவில்லை, ஒரு வாங்கில் அமர்ந்து பார்த்தேன்.

முன் சில்லைக் கழற்றினான். குழாய்களை உருவி, பழைய ஒயிலை வடித்தான். ஒவ்வொரு குழாயையும் ஒரு கண்ணாடித் தட்டின்மேல் உருட்டி, வளைவு உண்டா என்று பார்த்தான். பின்னர் கண்களை மூடிக்கொண்டு, பளபளத்த குழாயின்மேல் நகத்தை மெல்ல இழுத்தான். ஓரிடத்தில் நகம் தடக்கியது.

"சீலிலை பிழையில்லை சேர். இந்தத் துருக்குழிதான் ஒவ்வொருக்காலும் சீலை வெட்டுது. இதைப் பாக்காமல் எத்தினை சீல் போட்டாலும் ஒழுகும்."

கடுகளவுக் குழி. அதனைச் சுரண்டித் துப்புரவாக்கி, இருபகுதிப் பசையால் நிரப்பி, மறுநாள் மென்மையான அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தினான். புதிய சீலின் விளிம்பு கிழியாதவாறு குழாயின் நுனியில் பொலித்தீனைச் சுற்றி, ஒயில் பூசி இறக்கினான். இருமல் மருந்துப் போத்தலின் அளவுக் கிண்ணத்தால் இரு பக்கமும் சரிசமமாக ஒயில் வார்த்தான்.

"வில்லு இருக்கேக்கை ஒயில் என்னத்துக்கு?" என்று கேட்டேன். வில் அடியைத் தாங்கும். ஆனால் தாங்கியதை உடனே திருப்பி உதைக்கும். ஒயில் சிறு துளைகளினூடே நெருங்கிச் செல்கையில்தான் அந்தத் துள்ளல் அடங்கும் என்று விளக்கினான். துள்ளலின் விசை வெப்பமாக மாறி ஒயிலில் கரைகிறது என்று பின்னர் நூலில் படித்தேன். 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 12 வண்டியில் கொண்டுவந்த ஏற்பாடு அது. நூலிலிருந்து நான் அறிந்ததை இவன் விரல்நுனியால் அறிந்திருந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சீலையே மீண்டும் மீண்டும் குறைசொன்ன நான், வகுப்பறையிலும் அதையன்றோ செய்தேன்? உறங்கும் மாணவனைக் கண்டேன். அவனை உறங்கவைத்த வறுமையை நகத்தால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கையால் உழைப்பவனுக்கு மூளை இல்லை என்று எண்ணும் பழைய நோய், பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுச் சமத்துவம் பேசிய என்னுள்ளும் குடியிருந்தது.

ஆயினும், 'தொழில் தெரிந்தவனுக்குப் படிப்பு எதற்கு?' என்று அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவதும் அதே நோயின் மறுபக்கமே. ஏழையின் கைத்திறனைப் புகழ்ந்து, அவனது பாடப்புத்தகத்தைப் பறிப்பது எந்த நீதி?

மறுநாள் அதிபரிடம் சென்று, அந்தப் பெயரை நானே வெட்டினேன். "சித்தியடையாவிட்டால் உமது பொறுப்பு" என்றார். ஒப்புக்கொண்டேன். இப்போது ஞாயிறு காலைகளில் கணித ஆசிரியர் ஒருவரும் நானும், பட்டியலில் இருந்த ஏனையோரையும் சேர்த்து, கட்டணமின்றிக் கற்பிக்கிறோம். அவன் இன்னும் சில வேளைகளில் உறங்கிவிடுகிறான். அப்போது அவனை எழுப்புவதில்லை. விழித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம்.

'பொழுதுபோக்கு' பற்றிய கட்டுரைக்குப் பதிலாக, அந்தப் பழுதைத் திருத்திய முறையை எழுதுமாறு அவனிடம் கேட்டேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். லகர ளகரப் பிழைகள் பல உண்டு. ஆனால் ஒரு படிகூட முன்பின் மாறவில்லை. வேண்டாத சொல் ஒன்றுமில்லை.

எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். வண்டியில் ஏறி வீடு திரும்பினேன். குழாய் இன்றுவரை உலர்ந்தே இருக்கிறது.